அத்தை தோற்ற வழக்கு

போன மாதம் கோடியக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தில், வலை பின்னும் கொட்டகையில், என் அத்தையின் படத்தைத் திறந்து வைத்தார்கள். அத்தை வக்கீல். கடைசிவரை அந்தக் கரையோரத்து ஜனங்களுக்காகவே கோர்ட்டு ஏறியவர். வந்தவர்கள் எல்லோரும் அவர் ஜெயித்த வழக்குகளைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் வந்ததோ அவர் தோற்ற ஒரு வழக்கு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம் எங்களுடையது. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் வாசலிலேயே காத்துக் கிடக்க, அப்பாவின் அக்கா எதற்காகக் கடற்கரைக்கு ஓடுகிறார் என்பது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. மீன் ஆசை என்று சித்தப்பா கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்தக் கிராமத்தில் படகுகளை ஏற்றி நிறுத்தும் மணல்வெளியை இறால் பண்ணைக்காரர் ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அதை எதிர்த்து அத்தை நடத்திய வழக்கு தள்ளுபடியானது. போனில் சொல்லிவிடலாமே என்றார் அப்பா. அத்தை கேட்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஊர் கூடி அத்தையைத் திட்டப் போகிறது என்று வழியெல்லாம் எனக்குப் பயம்.

என்னை ஒரு வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு, அத்தை ஊர்த் தலைவரைத் தேடிப் போனார். அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“கேஸ் என்னாச்சு பாப்பா?”

“ஜெயிச்சுட்டோம்” என்றேன்.

அத்தையை யாரும் திட்டக்கூடாது, அவ்வளவுதான் என் யோசனை. அந்த அம்மாள் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுக் குலவையிட்டார். தெருவே ஓடி வந்தது. யாரோ என் வாயில் சர்க்கரையைக் கொட்டினார்கள். தலைவரைக் காணாமல் திரும்பி வந்த அத்தையின் தோளில் ஒரு பெரியவர் புதுத் துண்டைப் போர்த்தினார்.

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடித்து, அந்தப் பெரியவர் கையிலேயே கொடுத்தார்.

“குழந்தை ஆசையில சொல்லிடுச்சு. நாம தோத்துட்டோம்ங்க.”

குலவை நின்றது. கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார்.

“இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க வக்கீலம்மா? என் படகை இனிமே நான் எங்க கொண்டுபோய் நிறுத்துவேன்?”

இன்னும் என்னென்னவோ கத்தினார். அத்தை அசையாமல் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் ஓய்ந்ததும் மணலில் உட்கார்ந்து, தீர்ப்பை வரி வரியாகத் தமிழில் சொன்னார். இந்தக் கரையை அவர்கள் காலங்காலமாகப் புழங்கியதற்குச் சாட்சி போதவில்லையாம்.

“அது என் தப்பு. இன்னும் நாலு பேரைக் கூண்டுல ஏத்தியிருக்கணும்” என்றார்.

குலவையிட்ட அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். தன் மாமியார் அந்த மணலில்தான் மீன் ஏலம் எடுப்பாராம். அடுத்து இன்னொருவர் சொன்னார். கத்திய மனிதரும் வந்து உட்கார்ந்து, தன் அப்பாவின் கட்டுமரம் எந்த இடத்தில் கிடக்கும் என்று கையை நீட்டிக் காட்டினார். அத்தை எழுதிக்கொண்டே இருந்தார். அந்தச் சாட்சிகளை வைத்துத்தான் மேல்முறையீடு போனது. வேலி அகல மூன்று வருடமானது.

அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

“உப்புக் காத்துடா. கண்ணு எரியுது.”

எழுந்து நின்று, இரண்டு கையாலும் இழுத்து ஷட்டரை இறக்கிவிட்டேன். செய்த தப்புக்கு ஏதோ பரிகாரம் செய்துவிட்டதுபோல் நிம்மதியாக இருந்தது. திருத்துறைப்பூண்டி தாண்டி வயல்கள் வந்த பிறகும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். ஷட்டர் சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.