கன்னி மூலைக் கதவு

இன்றைக்கும் ஜவுளிக்கடைக்குள் போனால் நான் முதலில் துணி பார்ப்பதில்லை. சுவர் வைத்து மூடிய இன்னொரு படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவேன். என் மனைவி இதைக் கிறுக்கு என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில் நாகர்கோவிலில் ஒரு கட்டிடப் பொறியாளரிடம் வரைபடம் வரையும் வேலையில் இருந்தேன். கல்ஃபில் இருந்து திரும்பிய ஒருவர் நான்கு மாடியில் ஜவுளிக்கடை கட்ட எங்களிடம் வந்தார். துபாயில் பார்த்த கடை மாதிரி, நடுவில் தரையிலிருந்து கண்ணாடிக் கூரை வரை திறந்த வெளி வேண்டும், அதைச் சுற்றி ஏறும் திறந்த படிக்கட்டு வேண்டும் என்றார். மனிதர் படிக்கட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே கூரையில் புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறிகள் இருப்பதும், ஆட்கள் தப்பி இறங்கச் சுவருக்குள் வேறு படிக்கட்டு இருப்பதும் அவர் கண்ணில் படவே இல்லை.

“அண்ணாச்சி, கீழ எதாவது பத்திச்சுன்னா பொகை பூரா இந்த வெளி வழியாத்தான் மேல ஏறும். மேல நிக்கவங்க அதே பொகைக்குள்ளதான் எறங்கணும்” என்று சொன்னேன். கட்டிட விதியும் அதைத்தான் சொன்னது. ஆகவே சந்துப் பக்கம் இருந்த தென்மேற்கு மூலையில், மாடிக்கு மாடி கதவு வைத்து, சுவரால் மூடிய படிக்கட்டு ஒன்றை வரைந்தேன். கூரையில், புகை வந்தால் தானாகத் திறக்கும் ஜன்னல்கள். அனுமதியும் கிடைத்தது.

அனுமதி கிடைத்த பிறகு அவர் வாஸ்து பார்ப்பவரைக் கூட்டி வந்தார். தென்மேற்கு கன்னி மூலை. எங்கள் பக்கத்தில் கன்னி மூலையில் வாசல் என்றால் டாக்டர் பட்டம் வாங்கியவனும் வெலவெலத்துப் போவான். “அங்க வாசல் வச்சா குடும்பம் வெளங்குமா மக்கா?” என்றார் முதலாளி. கட்டி முடித்த படிக்கட்டு அப்படியே நின்றது. அதற்குப் போகும் கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். மழை ஒழுகுகிறது, ஏசி குளிர் போகிறது என்று கூரை ஜன்னல்களையும் பசை வைத்து ஒட்டினார்கள். என் பொறியாளர் வாயைத் திறக்கவில்லை. நான் கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

அந்தக் கடையின் மூன்றாம் மாடியில், பட்டுப் பிரிவில், என் அக்கா வேலைக்குச் சேர்ந்தாள். போகாதே என்றேன். “வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தா எனக்குத்தான் மூச்சு முட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் மாவட்டத்தில், ஏசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் இல்லாத கடையைப் பார்ப்பது கஷ்டம். முதலாளி இந்துதான், ஆனாலும் ஊரிலேயே பெரிய குடில் தன் கடையில்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். படிக்கட்டின் அடியில், திறந்த வெளியின் நட்ட நடுவில், வைக்கோல் கூரை போட்டுச் சீரியல் பல்பு சுற்றினார்கள். ஒரு மத்தியானம் அந்த ஒயரில் பொறி பறந்து வைக்கோல் பிடித்துக்கொண்டது. கீழே நின்றவர்கள் வாளித் தண்ணீர் ஊற்றித் தீயைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். நனைந்த வைக்கோலின் புகை மேலே போய்விட்டது. வெளியே போக வழியில்லாமல் கண்ணாடிக் கூரையில் முட்டி, மாடிகளுக்குள் புகுந்தது.

எங்கள் அலுவலகம் அதே சாலையில்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், கடை முகப்பின் ஜன்னல்களை மூடியிருந்த, கல்யாணப் பெண் படம் போட்ட ஃபிளெக்ஸை, மூன்றாம் மாடி உயரத்தில், துணி வெட்டும் கத்தரியால் உள்ளேயிருந்து யாரோ கிழித்துக்கொண்டிருந்தார்கள். கிழிசல் வழியே முதலில் ஒரு குழந்தையின் தலை வந்தது. அதற்குப் பின்னால் அக்கா. மூடிய படிக்கட்டுக்கான கதவு இருக்க வேண்டிய இடத்தில் அப்போது பட்டுப்புடவை அலமாரி நின்றது. ஏணி வைத்து எல்லோரையும் இறக்கினோம். உயிர்ச்சேதம் இல்லை. அக்காவின் குரல் மட்டும் அன்றோடு கரகரத்துப் போனது.

“வைக்கோலுதானே எரிஞ்சுது? தீ முட்டளவுகூட வரல்லியே” என்றார் முதலாளி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். என் பொறியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மட்டும் அவருக்குக் கை வந்தது.

கடை மறுபடி திறந்த அன்று விற்பனைப் பெண்கள் ஒருவரும் மாடி ஏறவில்லை. தை மாதக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வேன் வேனாக வந்த குடும்பங்கள் கீழேயே நின்றன. “மொதல்ல கதவ அடைச்ச அந்தச் செவர இடிங்க. பெறவு ஏறுதோம்” என்றாள் அக்கா, அந்தக் கரகரத்த குரலில். வேறு வழியில்லாமல் இடித்தார். கதவும் வைத்தார். அது தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், ஆனால் பூட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த வாரமே மூன்றாம் மாடிக் கதவில் பெரிய பூட்டு. சேலை களவு போகுமாம், கன்னி மூலையும் அடைத்த மாதிரி இருக்குமாம்.

நான் வீட்டில் உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அக்கா சாப்பாட்டுப் பையைத் திறந்து, அந்தப் பூட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். காலையில் பெருக்குவதற்காகத் திறந்து கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்களாம்.

“நாளைக்கு வேற பூட்டு போடுவாரு” என்றேன்.

“போடட்டு. பையில எடம் கெடக்கு” என்றாள்.