தலைப்பாகையின் மறுமுனை

சுரங்க வாட்ச்மேன் சக்கரபாணி, பர்மா சண்டையில் சீக்கியப் பட்டாளத்தோடு இருந்தவர். அப்படி அவர்தான் சொல்வார். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஒருவரும் நம்பியதில்லை.

"சண்டையில இன்னா பண்ணீங்க?" என்று கேட்டால், "ஹவில்தாருக்குத் தலைப்பாத் துணி புடிச்சேன்" என்பார்.

"அப்ப துப்பாக்கிய யாரு புடிச்சா?" என்று டீக்கடையே சிரிக்கும். மனைவி வீரம்மாளும் சிரிப்பாள்.

1975இல் எதிர் குவார்ட்டர்ஸுக்கு மெக்கானிக் குர்தியால் சிங் வந்தார். மறுநாள் காலையில், நீளமான தலைப்பாகைத் துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, தனியாக மடிக்க முடியாமல் திண்டாடினார். ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சக்கரபாணி நேரே போய் அந்த முனையை அவிழ்த்துப் பிடித்தார். அவர் இழுக்க, இவர் இழுக்க, பேச்சில்லாமலே துணி பட்டையாக மடிந்தது.

அசந்துபோன சிங், எங்கே கற்றீர்கள் என்று இந்தியில் கேட்டார். சக்கரபாணி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். ஒருநாள் காலையில் தலைப்பா கட்டிப் போன ஹவில்தார் திரும்பி வராததையும் சொன்னார். டீக்கடையில் அதை அவர் சொன்னதே இல்லை.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒதுங்கி அவருக்கு வழி விட்டார்கள். சக்கரபாணி நெஞ்சை நிமிர்த்தி வீட்டுப் பக்கம் திரும்பினார். வாசலில் வீரம்மாள், காய்ந்த புடவையின் ஒரு முனையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நம்பிட்டேன், பட்டாளத்துக்காரரே. இதையும் செத்த புடிங்க."