நிலையத்தில் விட்ட கடிதத் தொகுப்பு

தொண்ணூறுகளில் லண்டன் வெடிகுண்டுப் பயத்தில் இருந்தது. ஒரு மாலை, யாரோ விட்டுப்போன பையால் வால்தம்ஸ்டோ ரயில் நிலையத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். வாசலில்தான் என் தோளில் பை இல்லாததை உணர்ந்தேன்.

"வாயைத் திறக்காதை. உன்ர அகதி கேஸ் இன்னும் முடியேல்லை," என்று கூட வந்த சாந்தி அக்கா கையைப் பிடித்தா.

"சனம் பயந்துபோய் நிக்குது அக்கா. சொல்லத்தான் வேணும்."

போலீஸ்காரரிடம் போய், அந்தப் பை என்னுடையதுதான் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அதட்டினார்.

"கடிதங்கள். ஒப்பெரா என்ற இசைநாடகங்களுக்கு இசையமைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியர் ஒருவர் எழுதியவை. புத்தகமாக வந்திருக்கிறது."

என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள்.

கடைசியில் அவர் புத்தகத்தைப் புரட்டியபடி வந்தார். "இந்த மனிதருக்குச் சரியான கோபம் வருகிறது!" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்.

ஊரில் இராணுவச் சோதனைச்சாவடியில் காணாமற்போன என் தம்பியிடமும் ஒரு பைதான் இருந்தது. அதை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.