மேடேறிய ரொட்டி வண்டி

கண்காட்சிக் கமிட்டியின் ஈஸ்டில் நேப்பியர் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு பாட்டுதான்.

“புதுசெல்லாம் வேணாம் அக்கா. அந்த ரொட்டி வண்டிப் பாட்டு மட்டும் பாடிடுங்க. அதைக் கேக்காம போனா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க.”

வெர்னா கெயில் சரி என்று சொல்லிவிட்டாள். குளிர்காலத்தில்தான் தொண்டையிலிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். குரலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பேச்சு பழையபடி வந்துவிட்டது. பாடும்போது தாழ்ந்த சுருதியில் இருக்கும் வரை ஒன்றுமில்லை. மேலே போனால் குரல் உடைந்தது.

அவள் கணவன் டார்சி சமையலறை மேசையில் பிஸ்கட் ரொட்டியை இறைச்சிக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தான்.

“பாடுவியா புள்ள?”

“ரெண்டு அடி பாடுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வண்டி நின்னுடும்.”

“அப்ப முடியாதுன்னு சொல்லிடு.”

“சொன்னா அவ்வளவுதான்யா. வெர்னா கெயில் இனிமே பாட்டுக்காரி இல்லைன்னு நானே ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும்.”

டார்சி இன்னொரு பிஸ்கட்டை எடுத்தான். அந்தப் பாட்டில் வரும் ரொட்டிக்காரன் அவன்தான்.

கெண்டக்கி மலையில், ரெட்ஓக் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது டார்சி ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் மேட்டின் உச்சியில். காலையில் அவன் வண்டி முக்கி முனகி ஏறும் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பில் காப்பியை வைப்பாள். அந்தச் சத்தத்தையே பாட்டாக்கினாள்.

*மேடேறி வர்றான் ரொட்டிக்காரன்,*
*மூச்சு வாங்குது வண்டி.*
*ஏறு ராசா ஏறு, இன்னும் கொஞ்சம் ஏறு,*
*அடுப்பில இருக்கு காப்பி.*

“ஏறு” என்ற இடத்தில் குரலும் மேடேறும். இன்னும் ஏறும். போதும், விழுந்துவிடுவாள் என்று கேட்பவர் நினைக்கும்போது இன்னொரு படி ஏறும். அதற்காகத்தான் ஊர் அந்தப் பாட்டை விரும்பியது.

முதல் ஆல்பம் அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்தது. மேசை நாற்காலிக் கடையின் பின்னறையில், வாடிக்கையாளர் யாரும் கட்டிலில் உட்கார்ந்து கிறீச்சிடாத நேரம் பார்த்துப் பதிவு செய்தார்கள். கிட்டார் கழுத்தில் சுருதி ஏற்றுவதற்கு மாட்டும் கிடுக்கி ஒன்று உண்டு, கேப்போ என்பார்கள். அன்று அது ஐந்தாம் கட்டத்தில் இருந்தது. அட்டைப் படத்துக்கு டார்சியின் வண்டி முன்னால் நின்றாள். வண்டியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் தெரியக்கூடாது என்று அவள் அம்மா தைத்த ஒட்டுத்துணிப் போர்வையை அதன்மேல் தொங்கவிட்டார்கள். அதுதான் தப்பாகிப் போனது. இசைத்தட்டைக் கையில் வாங்கியவர்களில் பாதிப் பேர், “போர்வை என்ன விலைம்மா?” என்று கேட்டார்கள். டார்சி சளைக்காமல், “போர்வை வாங்கினா பாட்டு இலவசம்” என்பான்.

அந்தத் தட்டு மலையைத் தாண்டிப் போய், பாட்டுக் கம்பெனிகள் நிறைந்த நாஷ்வில்லில் யாரோ ஒருவர் காதில் விழுந்தது. இரண்டாம் ஆல்பம் அங்கே. வயலின் வாசிக்க ஒரு கும்பல் உட்கார்ந்திருந்தது. ‘கெயில்’ வேண்டாம், வெறும் ‘வெர்னா’ போதும் என்றார்கள். அவள் பேச்சிலிருந்த மலையைச் செதுக்கி எடுத்தார்கள். கிட்டாரைக்கூட அவள் கையில் கொடுக்கவில்லை. தட்டு வந்ததும் ரெட்ஓக் மரியாதையாகக் கேட்டது. பெட்ரோல் பங்கில் ஒருவர் சொன்னார்: “ரொம்ப நல்லாருக்கும்மா. ஆமா, அந்தப் பொம்பளை யாரு?”

தட்டு விற்கவில்லை. அவள் அழுதுகொண்டு ஊர் திரும்பிய மறுநாள் சமையல்கட்டில் அவளுடைய ஏப்ரன் துவைத்துத் தேய்த்தபடி, அவள் எப்போதும் மாட்டும் ஆணியில் தொங்கியது. யார் துவைத்தார்கள் என்று கேட்டாள். “பீன்ஸ் தீயுது, கரண்டியப் போடு” என்றாள் பக்கத்து அடுப்புக்காரி. அந்த ஏப்ரனுக்கு இன்றைக்கும் தான் நன்றிக்கடன் பட்டிருப்பதாக வெர்னா கெயில் சொல்வாள்.

மூன்றாவது, அப்பா இறந்த வருடம் வந்த கேசட். முழுக்க தேவாலயப் பாட்டுகள். அவள் வளர்ந்த சபையில் வாத்தியம் கிடையாது. முன்னால் நிற்கும் பெரியவர் ஒருவர் ஒரு அடியை மடமடவென்று எடுத்துக் கொடுப்பார். சபை முழுவதும் அந்த அடியை மெதுவாக இழுத்து, அலை அலையாகப் பாடும். அது முடிந்ததும் அடுத்த அடியைக் கொடுப்பார். அடியெடுத்துக் கொடுப்பது ஆண்கள் வேலை. பெண்கள் கூடப் பாடலாம், அவ்வளவுதான். வெர்னா கெயில் அந்தப் பாட்டுகளைத் தனியாக, கிட்டார் வைத்துப் பாடி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டாள்.

“நல்லாத்தான் பாடியிருக்க. ஆனா நாங்கல்லாம் எங்கடி?”

“எந்த நாங்க?”

“உங்கப்பா செத்தப்ப சபையே சேர்ந்து பாடினோமே, அந்த நாங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது. என்ன செய்தாலும் அம்மாவுக்குக் குறைதான் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

நான்காவது சிடி. அதில் எல்லாம் பள்ளிக்கூடச் சமையல்கட்டுப் பாட்டுகள்: திங்கட்கிழமை பீன்ஸ், சோளரொட்டி கேட்டு இரண்டாம் முறை வரிசையில் நிற்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, சுரங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போய், அவர்களே வந்து வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் ஓடெல் ஸ்லோன். தன் கார் கொட்டகையில் பாட்டுப் பதிவு செய்யும் அளவுக்கு ஆளாகியிருந்தான். “உங்க சோளரொட்டி தின்ன உடம்பு அக்கா இது, காசெல்லாம் வேணாம்” என்று அவனே பதிவு செய்து கொடுத்தான். வயதோடு குரலும் தணிய, கேப்போ இரண்டாம் கட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஐந்தாவது ஆல்பத்தில் அதற்கு வேலையே இல்லை. அவள் சட்டைப் பையில் கிடந்தது. அதில் ரொட்டி வண்டியைத் தாழ்ந்த சுருதியில், நிதானமாக மறுபடி பாடினாள். “வண்டி மேடேறவே இல்லையே, கியர் கிடைக்கலையா?” என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் எல்லோரும் கையில் சிடியோடுதான் நின்றார்கள்.

கண்காட்சி ஆகஸ்டில். கண்காட்சிக்குக் கொண்டுவந்த பன்றிகளின் கொட்டகையை ஒட்டி மேடை. காற்றில் வைக்கோலும் எண்ணெயில் பொரித்த மாவும் மணத்தன. டார்சி ஒரு ஓரத்தில் மேசை போட்டுச் சிடிகளை அடுக்கினான். ஓடெல் ஒலிபெருக்கிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, வழக்கம்போலப் பதிவையும் ஓடவிட்டான். சுருதி இறங்கட்டும் என்று வெர்னா கெயில் கிட்டார் தந்திகளை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தியிருந்தாள். தந்திகள் கொடிக்கயிறு போல ஆடின.

“ஆரம்பிக்கலாமா அக்கா?” என்றார் ஈஸ்டில்.

ஆரம்பித்தாள். முதல் அடி வந்தது. இரண்டாம் அடியும் வந்தது. ‘ஏறு ராசா’ என்று எடுத்தாள். ‘ராசா’ வெறும் காற்றாகப் போனது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் உடைந்தது. முன்வரிசையில் ஈஸ்டிலின் அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் வெர்னா கெயிலால் தாங்க முடியவில்லை.

கிட்டாரைக் கழற்றி முக்காலிமேல் சாய்த்தாள்.

“தொண்டையில கத்தி வச்சாங்க” என்றாள் மைக்கில். “வண்டி இதுக்கு மேல ஏறாது போலிருக்கு. மன்னிச்சிடுங்க.”

இறங்கத் திரும்பியவள் கூட்டத்தைப் பார்த்தாள். அத்தனை பேரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அடுத்த அடியைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடமும் அவள் பாடும்போதெல்லாம் அவர்கள் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். கண்ணை மூடிப் பாடுகிறவளுக்கு அது தெரியவில்லை. நாங்கல்லாம் எங்கடி என்று அம்மா கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது.

அவள் மைக்குக்குத் திரும்பினாள். சபையில் பெரியவர் கொடுப்பது போல, தாழ்ந்த குரலில், மடமடவென்று, அடியெடுத்துக் கொடுத்தாள்.

“மேடேறி வர்றான் ரொட்டிக்காரன்.”

பெண் அடியெடுத்துக் கொடுப்பதா என்று கேட்க அது சபை இல்லை. பன்றிக் கொட்டகைக்கு என்ன சட்டம்? ஆனாலும் கூட்டம் திகைத்து நின்றது. ஜெனரேட்டர் மட்டும் உறுமியது.

அப்போது சிடி மேசைப் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது. சுருதி என்றால் என்னவென்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. டார்சி பாடினால் பால் திரிந்துவிடும் என்பது ரெட்ஓக்கில் பழமொழி. கல்யாணத்திலிருந்து அன்று வரை தேவாலயத்தில்கூட வாயை மட்டும் அசைத்தவன், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தன் பாட்டைத் தானே பாடினான்.

“மேஏஏடேறி வர்ர்றான்...”

“டார்சி மாமா, பால் திரிஞ்சிடும் மாமா!” என்று யாரோ கத்தினார்கள்.

“திரிஞ்சா பாலாடைக்கட்டி செஞ்சுக்குங்கடா!” என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

கூட்டம் சிரித்தது. சிரித்த வாய் திறந்தே இருந்தது. அவன் குரலை அமுக்கவாவது பாடித்தானே ஆக வேண்டும்! ஈஸ்டிலின் அம்மா ஆரம்பித்தாள். பக்கத்துப் பெஞ்சு சேர்ந்தது. வெர்னா கெயில் அடுத்த அடியைக் கொடுத்தாள், மைதானம் வாங்கிக்கொண்டது. வேகமான பாட்டு, சபைப் பாட்டு போல இழுபட்டு, பாரம் ஏற்றிய வண்டியாக நகர்ந்தது.

“ஏறு ராசா ஏறு, இன்னும் கொஞ்சம் ஏறு,” என்று பேச்சுக் குரலில் சொன்னாள்.

அந்த உயரமான இடத்தைப் பின்வரிசைப் பெண்கள் எடுத்தார்கள். திங்கட்கிழமை பீன்ஸ் தின்று வளர்ந்தவர்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்தாள். வண்டி ஏறியது. ஒருகாலத்தில் அவள் தனியாக நின்ற உச்சிக்கு மேலும் ஒரு படி ஏறியது. வெர்னா கெயில் இரண்டு கைகளாலும் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். காப்பி வரும் கடைசி அடியை எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் காத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் ஓடெல் தன் கொட்டகையில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினான். அதுதான் ஆறாவது ஆல்பம் என்று அவள் வந்ததுமே சொல்லிவிட்டாள். அட்டைக்கு அம்மாவின் அதே போர்வை. பெயர், ‘நாங்கல்லாம்’.

“அக்கா, எல்லாம் அருமை. முதல் அடியை மட்டும் வெட்டிடுவோமா?” என்றான் ஓடெல் தயங்கித் தயங்கி. “கேக்கிறவங்களுக்கு... ஏதோ கழுதை புகுந்துட்ட மாதிரி இருக்கு.”

வாசல் பக்கம் டார்சி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். காதில் விழாதது போல இருந்தான்.

“அந்தக் கழுதை இழுக்கலேன்னா வண்டி நின்னிருக்கும்டா” என்றாள் அவள். “இன்னும் கொஞ்சம் சத்தமா வை.”