பட்டாளத்துச் சட்டிகளும் தனுஷ்கோடிச் சுங்கமும்

பழைய அலுமினியத்துக்கு வரி ஏறும் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவதற்கு முன்பே கீரனூர் டீக்கடையில் நான் சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்? வரிப் பேச்சு அடிபட்டதுமே திருச்சி வியாபாரிகள் சரக்கைப் பதுக்கிவிட்டார்கள்.

என் மைத்துனன் சின்னையா கீரனூரில் பழைய அலுமினியத்தை உருக்கிச் சட்டி வார்க்கிறவன். வேறு வழியில்லாமல் இலங்கையிலிருந்து கப்பலில் பத்து மூட்டை வரவழைத்தான். "அத்தான், அந்த மூட்டை இங்கிட்டு வந்து சேரலைன்னா பட்டறையப் பூட்ட வேண்டியதுதான். நீங்கதான் போய் எடுத்துட்டு வரணும்" என்றான். இந்த மாதிரிக் காரியத்துக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சென்ற மாசியில் புறப்பட்டேன். அப்படியே ராமேஸ்வரத்தில் ஒரு முழுக்குப் போடலாம் என்று என் மனைவி மீனாட்சியும் கூட வந்தாள். புதுக்கோட்டைக்குப் பதினைந்து மைல்; பஸ்ஸில் ஆளுக்கு எட்டணா. அங்கிருந்து விடிகாலை ரயில். பாம்பன் பாலத்தில் காற்று பெட்டியையே தூக்கியது; நான் கடல் பக்கமாக உட்கார்ந்திருந்ததால்தான் கவிழவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தனுஷ்கோடி.

சுங்கக் கொட்டகையில் மூட்டைகளை அவிழ்த்தார்கள். எல்லாம் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சமையல் சட்டிகள். ஒவ்வொன்றும் ஓர் ஊருக்கே சோறு போடும். அதிகாரி ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல இன்னும் சோறாக்கலாமா?"

நம் சரக்கை நாமே மட்டமாகப் பேசலாமா? "பேஷா ஆக்கலாங்க! இன்னும் மூணு தலைமுறைக்கு வரும்" என்றேன்.

"அப்ப இது பாத்திரம். உடைசலுக்குத்தான் வரி கம்மி. பாத்திர வரியக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

அந்த வரி சரக்கின் விலையையே விழுங்கிவிடும். மீனாட்சி பார்த்த பார்வையில் பத்து மூட்டையும் உருகியிருக்க வேண்டும். "எந்தம்பி பொழப்புல மண்ண அள்ளிப் போட்டீங்களே! செத்த நேரம் வாய மூடிக்கிட்டு நின்னா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

நான் கலங்கவில்லை. பக்கத்தில் நின்ற கூலியாளிடம் சம்மட்டியை வாங்கினேன். ஓங்கி ஒரே அடி. சட்டி அப்பளமானது. அந்தச் சத்தத்தில் கடலுக்கு அக்கரையில் தலைமன்னாரில் காக்கைகள் பறந்ததாகக் கேள்வி. கடைசிச் சட்டியும் தட்டையானதும் அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இப்ப இதுல சோறாக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"எலி கூட ஆக்காது" என்று சிரித்தபடி உடைசல் வரிக்கே சீட்டு எழுதினார்.

மூட்டைகள் ரயிலேறிக் கீரனூர் வந்துவிட்டன. சின்னையாவின் உலை இன்றும் எரிகிறது. கந்தர்வக்கோட்டை வரைக்கும் அவன் சட்டிதான் போகிறது.

இந்த வழியாகச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள், அனுப்பும் ஊரிலேயே நசுக்கி அனுப்பச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். தனுஷ்கோடியில் மீன் கிடைக்கும், நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம். அதிகாரி கேட்டால் உங்கள் பொருளைக் கூசாமல் மட்டம் தட்டுங்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது மீனாட்சி ஒரு திருத்தம் சொன்னாள். சரி, எழுதிவிடுகிறேன். சம்மட்டியை வாங்கியது அவள்தான். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை அடித்ததும் அவள்தான். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுகூட நழுவவில்லை.