வசூல்காரர் நலம் கேட்ட குழந்தை

வாடகை சைக்கிளின் ஸ்டாண்டைக் காலால் தட்டி நிறுத்தும் அந்தச் சத்தம், இரண்டு தறிகள் ஓடும்போதும் எனக்குத் தனியாகக் கேட்கும். வியாழக்கிழமை, உச்சி வெயில். வாசலில் மடக்கிய குடையும் கறுப்புப் பையுமாக ஒருவர் நிற்பார். ஓமலூர்ப் பக்கத்து ஆள். சேலத்திலிருந்து பஸ்ஸில் எடப்பாடிக்கு வந்து, ஸ்டாண்டில் சைக்கிள் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். பெயர் தெரியும், ஆனால் நானும் என் மனைவியும் அவரை வசூல்காரர் என்றுதான் சொல்வோம். எங்கள் மகளைப் பற்றி மூன்று வருஷம் வாராவாரம் விசாரித்த ஒரே மனிதர் அவர். அந்த மூன்று வருஷமும் எங்கள் மகள் உயிரோடு இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எட்டு மாதக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்று சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்தொன்பது நாள். கையில் இருந்தது, மனைவியின் தோடு, மச்சினனிடம் வாங்கியது எல்லாம் போய், கடைசி நாள் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி நின்றது. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் குழந்தையை எங்கள் கையில் தந்தார்கள். துணியில் சுற்றித் தந்தார்கள். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று சேலத்திலேயே புதைத்துவிட்டோம். பால்குடி மாறாத பிள்ளைக்குக் காரியம் எதுவும் கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். வெறுங்கையோடு நாங்கள் ஊர் வந்து இறங்கியபோது தெருவில் எல்லாத் தறியும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் நானும் என் தறியை ஓட்டினேன். என் மனைவி அழவில்லை. தறி நாடாவுக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தாள்.

எட்டு மாதம் நான் ஒரு பைசா கட்டவில்லை. கட்ட முடியாமல் இல்லை. செத்துப்போன பிள்ளைக்கு எதற்குக் காசு என்று ஒரு வீம்பு. அந்த வீம்புதான் என் அடிமடியில் கை வைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் நோட்டை ஒரு பைனான்ஸ்காரரிடம் தள்ளிவிட்டார்கள். அவர் வக்கீல் நோட்டீஸ் விட, தபால்காரர் அதை டீக்கடையில் வைத்து என்னிடம் நீட்ட, சாயங்காலத்துக்குள் நூல் கடைவரை செய்தி போய்விட்டது. எங்கள் தொழிலில் நூல் கடனுக்குத்தான் வரும். நெய்து துணியாகக் கொடுத்துக் கழிக்க வேண்டும். பேர் கெட்டால் நூல் இல்லை, நூல் இல்லாவிட்டால் தறி வெறும் இரும்பு. என்னிடம் இருந்த நாலு தறியில் இரண்டு நின்றது. நூல்காரர் கடை வாசலிலேயே வைத்துச் சொன்னார்: "தப்பா நெனைக்காத சாமி. ஆஸ்பத்திரிக் கடன நிறுத்தினவன் என் கடன நிறுத்த எத்தன நேரமாகும்? அந்த நோட்டத் திருப்பி வாங்கிட்டு வந்து காட்டு. அன்னைக்கே நூல் எடுத்துட்டுப் போ."

அந்த நோட்டை மீட்பதுதான் அப்போது என் பிழைப்பு முழுக்க. வாரம் பதினைந்து ரூபாய் கட்டுவது என்று பைனான்ஸ்காரரிடம் பேசி முடித்த பிறகுதான் அவருடைய ஆளாக வசூல்காரர் வரத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவுடன் காசு கேட்பவன் மனிதனே இல்லை. கடன் கேட்க வந்தாலும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்தாலும், முதலில் மழை, பிறகு தண்ணீர், பிறகு பிள்ளைகுட்டிகள் சௌக்கியம், கடைசியில்தான் காரியம். வசூல்காரரும் முறை தெரிந்தவர். முதல் வியாழக்கிழமை தண்ணீர் வாங்கிக் குடித்தார், பையைத் திறந்து வசூல் அட்டையை எடுத்தார். அட்டையின் தலைப்பில் நோயாளியின் பெயர்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டு, "பாப்பா இப்ப நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

தறியை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நின்றிருந்தேன். என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்கிற சாதாரணக் குரலில், "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

அடுத்த வாரம் நான் தெருமுனையிலேயே அவரை மறித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். "பஸ்ஸுல போறப்பத்தானுங்க உள்ள இருந்த இன்னொரு தாளப் பாத்தேன். குழந்தை தவறிப்போச்சுன்னு எழுதியிருந்துச்சு. அதப் பாக்காம கேட்டுப்போட்டனுங்க. ஒரு வாரமாத் தூக்கம் இல்லைங்க" என்றார். பிறகு குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு கேட்டார்: "இன்னைக்குக் கேக்காம உட்டா, தெரிஞ்சுபோச்சுன்னு அம்மணி மனசு உடைஞ்சுரும். கேட்டா நானும் பொய்க்குக் கூட்டு. என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

வீட்டில் அவள் காலையிலேயே வாசல் தெளித்து, செம்பில் தண்ணீர் வைத்துக் காத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "கேளுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான்தான் பொறுப்பு. யார் மேலும் பழி போட மாட்டேன்.

அப்படித்தான் எங்கள் மகள் வளர ஆரம்பித்தாள். பல் முளைத்தது. சுவரைப் பிடித்து நின்றாள். ஒரு ஆடி மாதம் சளி பிடித்து, துளசிச் சாற்றில் சரியானது. வாரத்துக்கு ஒரு செய்தி, ஒரே ஒரு செய்திதான். மற்ற ஆறு நாளும் என் மனைவி குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். சமைப்பாள், தார் சுற்றுவாள், நான் நூலை அறுத்துவிட்டால் கேலி செய்து சிரிப்பாள். புத்தி பிசகியிருந்தால் கோயில் குளம் என்று கூட்டிப்போயிருப்பேன். பிசகாதவளை எங்கே கூட்டிப்போவது? எனக்குப் பயமாக இருந்தது. வசூல்காரருக்கும் பயம்தான் என்று நினைக்கிறேன். நாளாக ஆக அவர் குரல் தணிந்தது. உள்ளே வரும்போது நடு வீட்டில் ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பார். அங்கே பாய்கூட விரித்திருக்காது.

ஒரு வியாழக்கிழமை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வசூல்காரர் வந்தார். ஆம்பளைகள் இரண்டு பேர்தான், உண்மை தெரிந்தவர்கள், கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார். என் வாயிலிருந்து, "தூங்குதுங்க" என்று வந்தது. சொன்னதோடு விடாமல், எழுந்து உள்ளே போய் ஓடிக்கொண்டிருந்த இரண்டு தறியையும் நிறுத்தினேன். குழந்தை எழுந்துவிடும் என்று. வீடு கம்மென்று ஆனது. நடு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. அவர் காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே போனார். சாயங்காலம்வரை நான் தறியைத் திரும்ப ஓட்டவில்லை.

மூன்றாம் வருஷம் கணக்குப் பார்த்தேன். என் கணக்குப்படி இன்னும் நாற்பது ரூபாய்தான் பாக்கி. அட்டையில் முந்நூற்று நாற்பது என்று இருந்தது. வசூல்காரர் மேல் சந்தேகப்பட்டுக் கத்தினேன். என் மனைவி எழுந்துபோய், அரிசிப் பானைக்குள் இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து என் முன் வைத்தாள். எல்லாம் ஐந்து ரூபாய் நோட்டு. அறுபது வாரமாக நான் அவள் கையில் கொடுத்த பதினைந்தில் பத்தை மட்டும் வசூல்காரரிடம் கட்டியிருக்கிறாள். இரண்டு தறி பட்டினி கிடக்க, நூல்காரன் கடை வாசலில் நான் நாய் மாதிரி நிற்க, இவள் கடனை இழுத்திருக்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

"கட்டி முடிச்சுட்டா அவரு எதுக்குங்க வரப்போறாரு?" என்றாள் அவள். "இந்தத் தெருவுல ஒருத்தரு அவ பேரச் சொல்றதில்ல. எம்பட மனசு நோகும்னு சொல்றதில்ல. நீங்களும் சொல்றதில்ல. அவரும் வராட்டி அவள ஆரு கேப்பாங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஆனாலும் நான் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கதையாகிவிடும். எனக்கு என் பேர் வேண்டியிருந்தது. மறுநாள் சேலம் போய் மொத்தமாகக் கட்டினேன். நோட்டை எடுத்து அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அந்த வியாழக்கிழமை வசூல்காரர் நோட்டோடு வந்தார். வழக்கப்படி என் கண்ணெதிரே கையெழுத்தின் குறுக்கே கிழித்து என் கையில் கொடுத்தார். அட்டையையும் கொடுத்தார். அன்றைக்கும் கேட்டார். "பால்வாடிக்குப் போயிருக்குதுங்க" என்றாள் என் மனைவி. "நல்லாப் படிக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

கிழிந்த நோட்டை நூல்காரரிடம் காட்டினேன். மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. நாலு தறிக்கும் நூல் போட்டார். முதல் துணியை அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இப்போது வங்கிக்குப் போனால் ஒரு பெண்பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டி, என் கடன் வரலாறு சுத்தமாக இருக்கிறது என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுகிறாள். அன்றைக்கு எனக்கு அந்தக் கிழிந்த நோட்டுதான் தலைமேல் கிரீடம். ராத்திரி பகலாக ஓட்டினேன்.

வியாழக்கிழமை வந்தது. அவள் வாசல் தெளித்தாள், செம்பில் தண்ணீர் வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. இரண்டு மணிக்கு நாலு தறிச் சத்தத்தையும் பிளந்துகொண்டு ஒரு குரல் எழுந்தது. ஓடிப்போனேன். நடு வீட்டில் விழுந்து தரையை அறைந்து அறைந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தார் சுற்றுவதைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "என்னாச்சுங்க? ஆருக்கு என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார்கள்.

"எங்க பாப்பா செத்துப்போச்சுங்க" என்றேன்.

மூன்று வருஷத்துக்கு மேலாகிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்திகூட அதைச் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்காதான் முதலில் கூந்தலை அவிழ்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒப்பாரி கிளம்பியது. தெருவில் சாவு விழுந்தால் தறியை நிறுத்துவது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டில் ஒன்று நின்றது, அடுத்த வீட்டில் ஒன்று, பிறகு எதிர்ச்சாரியில். கடைசியாகத்தான் நான் போய் என்னுடையதை நிறுத்தினேன். தறியில் ஏற்றிய பாவில் இன்னும் பாதித் துணி நெய்யாமல் கிடந்தது.

சாயங்காலம் நூல்காரரின் ஆள் மாட்டுவண்டியோடு வந்து இறங்கினான். சத்தமில்லாத தெருவைப் பார்த்து விழித்துக்கொண்டு, "துணிங்க?" என்றான்.

"எழவு ஊடுங்க இது. நாளைக்கு வாங்க" என்றேன்.