செய்யாததைச் சொல்லாதவர்

கதவைத் தொடுவதற்கு முன்னால், தொடப்போகிற சேதியை அனந்தவல்லி டீச்சர் கதவிடமே சொல்லிவிடுகிறார். "ஐ யாம் கோயிங் டு த டோர்" என்று நடக்கிறார். "ஐ யாம் ஓப்பனிங் த டோர்" என்று தாழ்ப்பாளை இழுக்கிறார். துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் திறக்காது. திறக்கிறவரைக்கும் அவரும் விடுவதில்லை. "ஓப்பனிங், ஓப்பனிங்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே இழுக்கிறார். வாசலுக்கு வந்துவிட்டால் வாளி, கோலமாவு, பால்காரர், முருங்கைமரம் எல்லாருக்கும் அன்றைய தகவல் இங்கிலீஷில் வரிசையாகப் போய்ச் சேரும்.

நாற்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. கழுத்தில் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. திண்டிவனத்துப் பள்ளியொன்றில் பதினைந்து வருஷமாகத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். கழித்தல் கணக்கில் இவரிடம் படித்த பிள்ளை கடன் வாங்க மறந்ததாகச் சரித்திரமே இல்லை. இங்கிலீஷை இவர் கண்ணால் மட்டும்தான் கற்றார். புத்தகத்தில் பார்த்தால் புரியும். யாராவது பேசினால், பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளுகிற மாதிரி கேட்குமாம்.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அவன் பாஷை எங்கள் ஊர்க் கீழ்வகுப்புக்குள் புதுமாதிரியாக நுழைந்தது. இனிமேல் இங்கிலீஷுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லக் கூடாது. செய்து காட்டவேண்டும். செய்துகொண்டே சொல்லவேண்டும். பிள்ளை கண்ணால் பார்த்துத் தானே புரிந்துகொள்ளும். இந்த முறையைப் பழக்க மாசிலாமணி என்பவர் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். கழுத்தில் டை, கையில் பித்தளை மணி. பயிற்சிக்கு வந்த ஆசிரியர் யாராவது வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை விட்டால் மணி அடிப்பார். முதல் நாள் அடித்த மணியில், ஐஸ் வண்டி வந்ததென்று தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டன.

அன்று அனந்தவல்லி டீச்சருக்கு முழங்கால்கள் இரண்டும் மோதிக்கொண்டன. அந்தச் சத்தத்தில் பாசஞ்சர் வருகிறதென்று நினைத்து ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள் என்று நான் சொன்னால் நம்பாதவர்கள் கேட் கீப்பரைக் கேட்டுக்கொள்ளட்டும். பயத்தைப் பற்றி டீச்சருக்குச் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி உண்டு. "தமிழ்ல பயந்தா வவுத்த கலக்கும். ஒரு டம்ளர் மோர் குடிச்சா சரியாயிடும். இங்கிலீஷு பயம் அப்படி இல்லீங்க. முட்டியில பூந்துக்குது. கையில எறங்குது. எதக் குடிச்சி எறக்கறது?"

பயத்தோடு ஒரு விரதமும் சேர்ந்துகொண்டது. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே சித்தாமூர் கோயிலில் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவர். மாசிலாமணி காலி டம்ளரைக் கையில் கொடுத்து, "ஐ யாம் டிரிங்கிங் மில்க்" என்று சொல்லச் சொன்னார். டீச்சர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மாசிலாமணியைப் பார்த்தார்.

"பால் இல்லியே சார்."

மணி அடித்தது. மறுநாள் வீட்டிலிருந்து பாலைக் காய்ச்சித் தூக்கில் எடுத்து வந்து, சொல்லிச் சொல்லிக் குடித்தார். "ஐ யாம் கோயிங் டு மெட்ராஸ்" என்று அவர் சொல்லச் சொன்னபோது நின்ற இடத்திலேயே நின்று, "ஐ யாம் நாட் கோயிங் டு மெட்ராஸ்" என்றார். மாசிலாமணி கெட்டவர் இல்லை. தாம் வைத்த சட்டத்தையே மறந்து, மணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தமிழிலேயே எடுத்துச் சொன்னார். "அம்மா, இது நாடகம் மாதிரி. உங்களை யாரும் சத்தியம் பண்ணச் சொல்லலை." அதற்கு டீச்சர் சொன்ன பதில்: "நாடகத்துல வேஷம் இருக்கும் சார். நான் வெறும் அனந்தவல்லியா இல்ல நிக்கிறேன்."

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பழக்கம். செய்வதை எல்லாம் சொல்லிப் பழகினால் வாய் திருந்தும் என்று மாசிலாமணி சொல்லிவிட்டார். அப்படிச் சொல்வதெல்லாம் உண்மையாகவும் இருந்ததால் டீச்சருக்குச் சௌகரியமாகப் போயிற்று. சௌகரியம் கெட்டது வீட்டுக்காரி கெங்கம்மாளுக்கு. ஒரே முற்றத்தில் இரண்டு குடித்தனம். விடிவதற்கு முன் கிணற்றடியில் யாருமில்லாமல் பேச்சுக் குரல் கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது? பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம் வந்து குசுகுசுத்தாள்: "எந்தத் தொரசாணியோ வந்து பூந்துக்கினா. செவுத்துக்கிட்ட கேட்டுக்கினுதான் தண்ணியே குடிக்குது." நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. எருமையை முற்றத்திலிருந்து கொல்லைக்கு மாற்றினாள். டீச்சர் "கம் ஹியர்" என்று பழகியதற்கு அந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றது என்பார்கள். நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அது "ஹை, ஹை" என்றால் திரும்புவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இத்தனை பயத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் பிள்ளைகளை வைத்து ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். தேறினால் இருக்கிற பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு. தேறாவிட்டால் அந்த இடத்துக்குத் தேறியவர் வருவார். தேறாதவர் கண்டமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளிக்குப் போகவேண்டும். கண்டமங்கலம் ஒன்றும் சீமையில் இல்லை. விழுப்புரம் போய் அங்கே பஸ் மாறினால் போய்விடலாம். திரும்பி வருவதற்குள்தான் ஊரில் விளக்கு வைத்துவிடுவார்கள்.

விளக்கு வைத்தால் என்ன என்று கேட்கலாம். டீச்சரின் தாயார் தர்மதேவிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை உண்பதில்லை. அது அவர்கள் குல வழக்கம். வெங்காயம் நறுக்கிய கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். ஆகவே கெங்கம்மாளும் நானும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பிரயோசனமில்லை. தாயாரையும் கூட்டிக்கொண்டு போய்விடேன் என்றேன். இந்த வீட்டில் தூண் எது, படி எது என்று அவர் கைக்குத் தெரியும். புது வீட்டில் முதலில் கிணறு தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று டீச்சர் கேட்டார். 

சாயங்காலம் மகள் வருவதற்குள் கிழவி காலையில் வடித்த சோற்றைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டு, மோர் ஊற்றிப் பிசைந்து வைத்திருப்பார். வாயில் வைக்கமாட்டார். மகளின் செருப்புச் சத்தம் கேட்டதும், "பொழுது இருக்குதா, அனந்தம்?" என்பார். "இருக்குதும்மா" என்று பதில் வந்த பிறகுதான் முதல் கவளம். மற்றவர்கள் சொன்னால் எடுபடாது. அந்த அம்மாளுக்குச் சூரியன் என்பது மகளின் வாய்தான்.

மாதிரிப் பாடத்துக்கு முதல் நாள் டீச்சர் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "பட்டினி கெடப்பாங்கன்றதுகூட பயம் இல்லீங்க. இருட்டுல வந்து நின்னுக்கினு, பசிச்ச மொகத்தப் பாத்துட்டு, என்னிக்காவது ஒரு நாள் 'இருக்குதும்மா'ன்னு சொல்லிடுவேன். அதான் பயம்." அப்போது அவர் எதையும் இங்கிலீஷில் பழகிக்கொண்டிருக்கவில்லை.

இந்தக் கார்த்திகைக் கடைசியில் பாடம் நடந்தது. நானும் ஒரு காலத்தில் கரும்பலகைக்கு முன் நின்றவள் என்பதால், பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கார்த்திகையில் பொழுது அவசரக்காரப் பொழுது. வரிசையில் டீச்சர்தான் கடைசி. பெட்டி, பூட்டு, சாவி, தூக்கு நிறையப் பால் என்று உண்மையான சாமான்களைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். மாசிலாமணி காலையில்தான் ஆளுக்கு ஒரு பாடமாக அறிவித்துப் பலகையில் எழுதினார். டீச்சருக்குப் பயம் என்கிற சொல். "ஐ யாம் நாட் அஃப்ரெய்ட்" என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் புரிந்துகொண்டு சொல்லவேண்டும். படம் காட்டக் கூடாது. ஆசிரியர் தம்மையே காட்டிச் சொல்லவேண்டும்.

பையில் இருந்த சாமான் ஒன்றுகூட உதவாது.

முறை வந்தபோது டீச்சர் எழுந்து போய் மேடையில் நின்றார். எதிரே முப்பது பிள்ளைகள். பின்னால் பெஞ்சியில் ஆசிரியர்கள். ஜன்னலோரம் மாசிலாமணியும் மணியும். டீச்சர் பலகையில் இருந்த வாக்கியத்தைக் காட்டச் சாக்கட்டியை எடுத்தார். சாக்கட்டி விழுந்து உடைந்தது. பின்பெஞ்சியில் யாரோ சிரித்தார்கள். நாலே நாலு வார்த்தை சொல்லவேண்டியதுதான் பாக்கி. சொல்லிவிட்டால் ஐந்தாம் வகுப்பு, திண்டிவனம், வெளிச்சத்தில் சாப்பாடு. நான்கூட மனசுக்குள் சொல்லித் தொலையேன் என்று திட்டினேன்.

டீச்சர் வலது கையை முன்பெஞ்சிக்கு எதிரே நீட்டினார். விரல்கள் அத்தனையும் காற்றில் அரசிலை மாதிரி ஆடின.

"ஐ யாம் அஃப்ரெய்ட்" என்றார்.

முன்பெஞ்சியில் சின்னபொண்ணு என்று ஒரு பெண். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கையையே பார்த்தது. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "ஏய், டீச்சருக்கு பயமா கீதுடி" என்றது. தமிழ். எல்லாரும் மணியை எதிர்பார்த்தோம். மாசிலாமணி அடிக்கவில்லை.

"புரிஞ்சிடுச்சி அம்மா," என்றார் மெதுவாக. "ஆனா பாடம் அது இல்லையே. அந்த வாக்கியத்தை ஒரு தரம் வாயால சொல்லிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"நடுக்கம் நின்னா சொல்றேன் சார்" என்று டீச்சர் கையைப் பார்த்தார். கை நிற்கவில்லை. வகுப்பு முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரில் விழுந்திருந்த வெயில் சுவரைவிட்டு உத்தரத்துக்கு ஏறியது. டீச்சர் அதையும் பார்த்தார். கை இன்னும் அதிகமாக ஆடியது.

சின்னபொண்ணு எழுந்து போய் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த குரலில், "ஐ யாம் நாட் அஃப்ரெய்ட்" என்றது. அதுவரை யாரும் அதற்கு அந்த வாக்கியத்தை விளக்கவில்லை. காலையிலிருந்து பலகையில் எழுதியிருந்ததைத் தானே எடுத்துக்கொண்டது.

அவ்வளவுதான். தானும் பிடிக்கவேண்டும் என்று அடுத்த பிள்ளை எழுந்தது. அதற்கடுத்தது. திருவிழாவில் தீபம் ஒற்றிக்கொள்ளுகிற மாதிரி வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் வந்து கையைப் பிடித்து, டீச்சரை நிமிர்ந்து பார்த்து, "ஐ யாம் நாட் அஃப்ரெய்ட்" என்று சொல்லிப் போயிற்று. ஒன்றைப் பிடிக்கவிட்டு இன்னொன்றை உட்கார் என்று சொல்ல டீச்சரால் முடியவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேலாக அவர் பார்வை ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது. கடைசியாக வந்தது ஜெயம் என்கிற பொடிசு. கையைப் பிடித்தது. ஓரக்கண்ணால் பித்தளை மணியைப் பார்த்தது. "ஐ யாம் அஃப்ரெய்ட்" என்றது. மாசிலாமணி மணியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்தார். திண்டிவனத்திலேயே ஐந்தாம் வகுப்பு. டீச்சர் அந்த வாக்கியத்தைக் கடைசிவரை சொல்லவில்லை.

வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை விலக்கிக்கொண்டு டீச்சர் ஓடினார். எனக்கு அவ்வளவு வேகம் இல்லை. பின்னாலேயே மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். ரயில் பாதைப் பக்கத்துப் பனைகளுக்குப் பின்னால் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. சூரியன் இல்லை. நிலைப்படியில் கெங்கம்மாள் டீச்சரின் முழங்கையைப் பிடித்தாள்.

"இருக்குதுன்னு சொல்லிடு டீச்சரம்மா. ஒரு நாளுதான. பெத்தவ பெசஞ்சி வெச்சிக்கினு குந்திக்கினு கீறா. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

உள்ளே தர்மதேவி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோற்றில் விரல்கள் தயாராக இருந்தன. செருப்புச் சத்தம் கேட்டு முகத்தை உயர்த்தினார்.

"பொழுது இருக்குதா, அனந்தம்?"

டீச்சர் எதிரே உட்கார்ந்தார். தாயாரின் கையைத் தட்டிலிருந்து எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, விரலில் ஒட்டியிருந்த பருக்கைகளை முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.